வாய்ச்சொல்லை நம்பிக் கட்டும் வீடு

பொழியூர் கேரளத்தின் கடைசிக் கடற்கரை ஊர்களில் ஒன்று. கொஞ்சம் நடந்தால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. ஆனால் கொத்தனாருக்கும் கம்பி கட்டுகிறவருக்கும் எல்லை ஏது? இந்தப் பக்கத்து வீட்டை அந்தப் பக்கத்துக் காண்டிராக்டர் கட்டுகிறார். அந்தப் பக்கத்து வேலைக்கு இங்கிருந்து ஆள் போகிறது.

வேலை ஒழுங்காக முடிந்தால் சந்தோஷம். கெட்டுப்போனால்? மட்டுப்பா ஒழுகுகிறது. குளியலறையைப் புதுப்பிக்க வந்தவர் உடைத்த குழாயால் அடுத்த அறைச் சுவர் ஊறிப்போகிறது. மாடி எடுக்கும்போது கீழ்ச்சுவர் விரிகிறது. காண்டிராக்டரைக் கேட்டால், “சிமெண்டு சரியில்லை, மழை பெய்துவிட்டது” என்கிறார். பாக்கிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனவர் பிறகு போனையும் எடுப்பதில்லை. பல வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் சுவரில் ஈரமாக நிற்கிறது.

இந்த வம்புக்கெல்லாம் வேர் ஒன்றுதான்: எழுத்து இல்லாத ஒப்பந்தம். “நம்ம ஆள்தானே, எழுதிக் கேட்டால் சங்கடப்படுவார்” என்று விட்டுவிடுகிறார்கள். இது தவறான தாட்சண்யம். எழுத்து காண்டிராக்டருக்கும் நல்லதே. வேலை முடிந்த பின் கூலி பாக்கி வைக்கும் வீட்டுக்காரர்களும் இல்லாமல் இல்லை.

என்ன வேலை, எந்தச் சாமான், எத்தனை நாள், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், சேதம் வந்தால் பொறுப்பு யாருடையது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை ஓர் இடவப்பாதி மழை கழிந்த பிறகே கொடுப்பது என்றும் எழுதிக்கொள்வது நல்லது. மழையைவிடக் கண்டிப்பான மேற்பார்வையாளர் கிடையாது.

கடற்கரையில் இன்னொரு கவனமும் வேண்டும். உப்பு கம்பியைத் தின்னும். துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். அதனால்தான் கான்கிரீட் வேலைக்கான 2000ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி, கலவைக்கும் நனைப்புக்கும் கடல்நீர் உகந்ததல்ல என்கிறது. சாதாரண சிமெண்டு என்றால் குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். இவற்றையும் ஒப்பந்தத்தில் சேர்க்கலாம்.

சேதம் வந்துவிட்டால் கூச்சல் போட்டுப் பயனில்லை. முதலில் தேதியோடு படம் எடுத்துவைக்க வேண்டும். ஒரு என்ஜினீயரைக் கொண்டு, சேதத்தின் காரணத்தையும் சரிசெய்ய ஆகும் செலவையும் எழுத்தில் வாங்க வேண்டும். ஆபத்தான இடத்தை உடனே சரிசெய்யலாம். ஆனால் பில் பத்திரம். பிறகு, இத்தனை நாளுக்குள் சரிசெய்து தர வேண்டும் என்று காண்டிராக்டருக்குத் தபாலில் நோட்டீசு அனுப்பி, ரசீதைப் பாதுகாக்க வேண்டும்.

அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வீடு கட்டுவதும் சேவையே என்று சுப்ரீம் கோர்ட்டு 1993லேயே, லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ வழக்குப் போட வழி செய்திருக்கிறது. திருவனந்தபுரத்தில் வேலை பார்த்துக்கொண்டு மார்த்தாண்டம் பக்கம் வீடு கட்டுகிறவர் லீவு போட்டு நாகர்கோவிலுக்கு அலைய வேண்டியதில்லை. இது வெளியூர்ப் பிழைப்புக்காரர்களுக்குக் கிடைத்த பெரிய சகாயம். ஆனால் அதை அறிந்தவர்கள் எத்தனை பேர்?

வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வக்கீல் இல்லாமல் தானே வாதாடலாம். இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பது முக்கியம். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். வழக்கு இழுத்துக்கொண்டு போகும் என்பது உண்மையே. ஆனால் கையில் தாள் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. நாள் கூலிக்கு ஆள் வைத்து, வீட்டுக்காரரே கூட நின்று வேலை வாங்கினால், அது தனிப்பட்ட ஊழியம் என்று ஆணையம் ஒதுக்கிவிடலாம். அதைவிட, காண்டிராக்டர் மேலுள்ள கோபத்தில் சாந்து சுமந்த தொழிலாளியின் கூலியைப் பிடிப்பது நியாயமே அல்ல. சிமெண்டைக் குறைத்தது அவர் அல்ல. பொறுப்பு, தொகையைப் பேசி வாங்கியவருடையது.

எல்லைப் பஞ்சாயத்துகள் இதில் ஒரு காரியம் செய்யலாம். கட்டட அனுமதி கொடுக்கும்போதே, தமிழிலும் மலையாளத்திலும் ஒரு மாதிரி ஒப்பந்தத்தாளைக் கையில் கொடுக்கட்டும். அதற்குச் செலவு சில காசுகள். அது இல்லாததால் வரும் செலவோ, ஒரு குடும்பத்தின் ஆயுள் சேமிப்பு.