கூலியைக் குறைத்தவன் யார்? கம்பளைக் கணக்கு

"வெளியாள் வந்தான், வேலை போயிற்று, கூலி சரிந்தது, விலைவாசி ஏறிற்று." இந்த நான்கு வாக்கியங்களையும் இப்போது தமிழிலேயே கேட்க வேண்டியிருக்கிறது. திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் உழைக்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளரைக் குறித்து இவை சொல்லப்படுகின்றன. சொல்பவர்கள் தமிழ்நாட்டுக்குள் மட்டும் இல்லை. தொரண்டோவிலும் லண்டனிலும் தோஹாவிலும் இருந்துகொண்டு, பிறர் நாட்டில் உழைத்து உண்ணும் நம்மவரும் 'வடக்கன்' என்ற சொல்லைக் கூச்சமின்றிப் பரப்புகிறார்கள்.

இந்த வாக்கியங்கள் புதியவை அல்ல. இலங்கையின் கம்பளைப் பக்கத்தில் இவை பல தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வந்தவை. அங்கே சொல்லப்பட்டது நம்மைப் பற்றி. 'கள்ளத்தோணி' என்ற பட்டம் அந்த மலைகளில் ஒரு முழுச் சமூகத்தின் முதுகில் ஒட்டப்பட்டிருந்தது. ஆகவே குற்றச்சாட்டைத் திருப்பூரில் வைத்துத் தீர்ப்பதற்குமுன், கம்பளையில் அது எப்படிக் கணக்குத் தீர்க்கப்பட்டது என்று பார்ப்பது நியாயம்.

செய்தி மேசையில் காலங்கழித்தவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். 'கூலி குறைந்தது' என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், 'குறைத்தது யார்?' என்று ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்புவது அது. கூலி தானாகக் குறைவதில்லை.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. 1820களில் கம்பளையை அடுத்த சிங்கபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் அமைத்தார். வர்த்தக நோக்கிலான கோப்பிப் பயிர்ச்செய்கையின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்வார்கள். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்கள் அழைத்துவரப்பட்டதும் அக்காலத்திலேயே. 2023இல் 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்த இருநூறு ஆண்டுகளின் கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அப்போது கம்பளைச் சிங்களக் குடியானவன் வேலை தேடி வாசலில் நின்றுகொண்டிருந்தானா? இல்லை. அவனுக்கு வயல் இருந்தது, சேனை இருந்தது, வீட்டைச் சுற்றித் தோட்டம் இருந்தது. காடு வெட்டும் ஒப்பந்தத்தை அவன் எடுத்தான். மூட்டைகளைக் கொழும்புக்கு ஏற்றும் மாட்டுவண்டிகளைச் சிங்களவர் ஓட்டினர். ஆனால் லயத்து அறையில் பன்னிரண்டு மாதமும் அடைந்து கிடந்து துரையின் பிரட்டுக்கு விடியற்காலையில் எழுந்து நிற்க அவன் மறுத்தான். அந்தக் கூலிக்கு அந்த வாழ்க்கை கட்டுப்படியாகாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. துரைமார் அதற்குச் 'சோம்பல்' என்று பெயரிட்டார்கள். கூலியை உயர்த்த விரும்பாத முதலாளி, உள்ளூரானைச் சோம்பேறி என்றும் வெளியூரானைக் கடும் உழைப்பாளி என்றும் பாராட்டுவது அன்றும் இன்றும் உள்ள வழக்கம். அந்தப் பாராட்டில் மயங்கிப் பெருமைப்படும் வெளியூரானையும் நான் கண்டிருக்கிறேன்.

குடியானவன் இழந்தது வேலையை அல்ல, நிலத்தை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்று அறிவித்தது. சேனைக்கு உறுதிப்பத்திரம் ஏது? ஏக்கர் ஐந்து சிலிங் விலையில் மலைகள் ஏலம் போயின. வாங்கியவர்களில் ஆளுநர் உட்பட அரச அதிகாரிகளே இருந்தனர். 1897இல் தரிசுநிலச் சட்டம் வந்து மீதியையும் நெருக்கியது. கண்டிய விவசாயிகளின் நிலையை ஆராய 1949இல் ஆணைக்குழு அமைக்க வேண்டி வந்ததென்றால், அந்த வறுமை உண்மையானதுதான். அதை மறுப்பவன் அயோக்கியன். ஆனால் ஏலத்தில் கைதூக்கியவர்களின் பட்டியலில் எந்தக் கறுப்பனும் மாரியாயியும் இல்லை.

சரி, கூலி? இங்கே எதிர்த்தரப்புக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதை ஒளிக்கத் தேவையில்லை. வெளியாள் மலிவாகக் கிடைத்தான், அதனால் கூலி ஏறவில்லை என்பது பொய்யல்ல. ஏன் மலிவாகக் கிடைத்தான் என்பதே கேள்வி. ஊரில் கங்காணி முன்பணம் கொடுத்தான். மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைவரை காட்டு வழியில் நடந்த செலவு, வழியில் உண்ட சோறு, கம்பளி எல்லாம் கடனாக எழுதப்பட்டது. முதல்நாள் பெயர் பதியும்போதே தொழிலாளி கடன்காரன். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். கடனைக் கட்டுகிறவரிடம் ஆளை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. ஆளுக்கு விலை எழுதிய காகிதம் என்று சொன்னாலும் தவறில்லை. 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது.

விலகிப் போக முடியாதவனின் கூலி ஏறாது. அவனருகில் அதே வேலைக்கு வரும் உள்ளூரானின் கூலியும் ஏறாது. கூலியை அழுத்திப் பிடித்தது தமிழனின் பிறப்பல்ல, அவன் காலில் கட்டப்பட்ட கடன். அந்தக் கட்டை அவிழ்த்திருந்தால் இருவருக்கும் நன்மை கிடைத்திருக்கும். கட்டை விட்டுவிட்டு ஆளைத் துரத்தக் கேட்டதுதான் பின்வந்த அரசியல்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். தோட்டக் கூலிக்கு இலங்கையில் முதன்முதலில் அடிமட்டம் விதித்தது 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். அது இந்தியத் தொழிலாளருக்கென்றே இயற்றப்பட்டது. 1929இல் உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று விதித்தார்கள். கொழுந்து பறிப்பது பெண். குறைந்த கூலியும் அவளுக்கே. அது வேறு கதை. அதே மலையில் வேலை செய்த சிங்களத் தொழிலாளிக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. எல்லோருக்குமான சம்பளச் சபைச் சட்டம் 1941இல்தான் வந்தது. வெளியாள் வந்ததால் கூலி சரிந்தது என்கிறவர்கள், கூலிக்குச் சட்டமே வெளியாளைச் சாக்கிட்டு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

விலைவாசியும் அப்படியே. தோட்டத்துச் சனங்கள் உண்டது கம்பளை வயலின் நெல்லையல்ல, பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசியை. 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் வீழ்ந்தபோது அந்த அரிசி நின்றது. லயமும் கிராமமும் ஒன்றாகப் பங்கீட்டு வரிசையில் நின்றன.

பழியைத் தொழிலாளிமேல் திருப்பியது யார் என்று பார்த்தால் மனம் கசக்கிறது. 1929இல் கொழும்பு டிராம் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை நடத்திய ஏ. ஈ. குணசிங்கதான், 1930களின் மந்தகாலத்தில் மலையாளிகளுக்கு எதிராகக் கூச்சலெழுப்பியவர். தொழிற்சங்கத் தலைவருக்கு முதலாளியோடு பேரம் பேசும் பலம் குறைந்தபோது, பக்கத்து இயந்திரத்தில் நிற்பவன் எதிரியாகிவிட்டான். குடியேற்றம் பற்றி விசாரித்த சர் எட்வர்ட் ஜாக்சனின் அறிக்கை 1938இல் வெளிவந்தது. இந்தியத் தொழிலாளரால் உள்ளூர்வாசிகள் பெருமளவில் வேலையிழந்தனர் என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. அறிக்கையை யார் படித்தார்கள்? அடுத்த ஆண்டே அரசாங்கத் திணைக்களங்களின் இந்திய நாட்கூலிகளை வெளியேற்றும் திட்டம் வந்தது. 1939 ஜூலையில் நேரு வந்து பேசிப் பார்த்தார். பயனில்லை. இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. ஆகஸ்ட் 1 முதல் இந்தியா தன் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடுத்தது. 1940இல் அந்தக் காங்கிரஸின் முதல் மகாநாடு கூடிய இடம் கம்பளை. அதே ஆண்டு ஜனவரியில் கண்டி மாவட்டத்து மூல்ஓயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தார். கூலியைக் குறைக்க வந்தவன் என்று சொல்லப்பட்டவன், கூலியை உயர்த்தக் கேட்டுச் செத்தான்.

இடையில் ஒரு வெள்ளைக்காரரையும் நாடுகடத்தப் பார்த்தார்கள். பிரேஸ்கேர்டில் என்ற அவுஸ்திரேலிய இளைஞர், தோட்டத்தில் சின்னத்துரையாக வேலை பழக வந்தவர், 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தொழிலாளர் பக்கம் நின்று பேசினார். உடனே வெளியேற்ற உத்தரவு. உயர் நீதிமன்றம்தான் அதைத் தடுத்தது. தோட்டம் வைத்திருந்த எந்த வெள்ளைக்காரரும் 'அந்நியத் தொழிலாளி' என்று அழைக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பின்னர் நடந்தது நீங்கள் அறிந்ததுதான். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் வாக்குரிமைப் பறிப்பு. 1947 தேர்தலில் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது, 1952இல் ஒன்றுமில்லை. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதிப் பேர் பிறகு என்று பங்கு போட்டார்கள். மலையிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்குச் சனங்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தார்கள். போய் இறங்கிய நீலகிரியில் அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'சிலோன்காரர்'.

வெளியாளை அகற்றினால் உள்ளூரான் வாழ்வான் என்ற கொள்கைக்குக் கண்டி, கம்பளைப் பகுதியில் நேரடிப் பரீட்சையே நடந்தது. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களுக்குப் பின் நடுமலைத் தோட்டங்கள் பல, உசவசம போன்ற அமைப்புகளின் கையில் போயின. தமிழ்த் தொழிலாளருக்கு வேலைநாள் குறைந்தது, மிரட்டல் கூடியது, பட்டினி மலைநகர வீதிகளுக்கு இறங்கி வந்தது. பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தனர். சிங்கள இளைஞருக்குக் கூலி உயர்ந்ததா? தேயிலைச் செடிகள் காடானதுதான் மிச்சம். கண்டி மாவட்டத்தின் அரச தோட்டங்கள் அந்தச் சீரழிவிலிருந்து பிறகு நிமிரவே இல்லை; தொழிலாளரின் சேமலாப நிதியைக்கூட ஆண்டுக்கணக்கில் கட்டாமல் வைத்திருந்தவை அவை.

அண்மைக் கணக்கையும் பார்ப்போம். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அதே ஆண்டு இரசாயன உரம் தடைசெய்யப்பட்டது. 2022இல் ரூபா சரிந்தது. செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். ரொட்டிக்கான கோதுமை மாவே எட்டாத விலைக்குப் போயிற்று. அந்த ஆயிரம் ரூபா அசையவில்லை. 2024 மே மாதம் 1,700 என்று வர்த்தமானி வந்து, வழக்கில் சிக்கி, செப்டெம்பரில் அடிப்படை 1,350ஆக முடிந்தது. இந்த மூன்றரை ஆண்டில் கம்பளைத் தொழிலாளியின் கூலியைத் தின்றவன் எந்த நாட்டிலிருந்து தோணியேறி வந்தான்? மாறாக 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். குவைத்திலும் சவூதியிலும் இப்போது நாம்தான் 'வெளியாள்'. அங்கே கடவுச்சீட்டைப் பறித்து வைத்துக்கொள்ளும் எஜமானின் அலுமாரியில் இருப்பது அந்தப் பழைய துண்டுதான்.

இனித் திருப்பூர். தறியிலும் தையலிலும் வேலை குறைந்த தமிழ்நாட்டுத் தொழிலாளியின் கோபத்தை நான் இகழவில்லை. குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தால் முதலாளி அவனையே வைத்துக்கொள்வான். ஆனால் 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவியபோது என்ன நடந்தது? பயந்தவர்கள் ஊருக்கு ரயிலேறினார்கள். ஆலை முதலாளிகள் பதறிப்போய் இருக்கும்படி கெஞ்சினார்கள். உள்ளூராருக்குக் கூலியை உயர்த்தி அழைக்கிறோம் என்ற குரல் என் காதில் விழவில்லை.

இந்தியப் பாராளுமன்றம் 1979இல் மாநிலங்களுக்கிடையே பெயரும் தொழிலாளருக்கென ஒரு சட்டம் இயற்றியது. ஒரே வகை வேலைக்கு உள்ளூர்த் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியையே அவனுக்கும் கொடுக்க வேண்டும். அழைத்துவரும் ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும். பயணப்படி தர வேண்டும் என்று அது தெளிவாக எழுதியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சட்டப் புத்தகத்தில் இருந்த அந்த விதி நடைமுறையில் இருந்திருந்தால், மலிவு என்ற ஒரே காரணத்துக்காக எவரையும் ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றர் அப்பாலிருந்து கொண்டுவரும் இலாபம் எந்த முதலாளிக்கும் இருந்திராது. முன்பணம் கொடுத்து, தகர விடுதியில் அடைத்து, கூலியில் பங்கு வெட்டிக்கொள்ளும் ஒப்பந்தக்காரரை இப்போது 'ஏஜென்ட்' என்கிறார்கள். கம்பளையில் அவருக்குப் பெரிய கங்காணி என்று பெயர். தலைப்பாகையும் கோட்டும் போட்டிருப்பார்.

'வடக்கனை விரட்டு' என்று எழுதும் நண்பர்கள் ஒரு வேலை செய்யலாம். அவர்கள் ஊர் ஆலையில் ஒப்பந்தக்காரர் தலைக்கு எவ்வளவு வெட்டுகிறார், உள்ளூராருக்கும் வெளியூராருக்கும் ஒரே கூலிப் பதிவேடா, இரண்டா என்று கேட்டு எழுதலாம். தமிழ்நாட்டுத் தொழிற்சங்கங்கள் ஒடியாவிலும் இந்தியிலும் ஒரு துண்டுப்பிரசுரம் அடித்து அந்தத் தகர விடுதிகளின் வாசலில் கொடுக்கலாம். கூலி உயர்வு கேட்டு அங்கிருந்து பத்துப் பேர் வெளியே வந்தால், அடுத்த மாதச் சம்பளத்தில் திருப்பூர்க்காரருக்கும் அது தெரியும்.