டயருக்கு எலுமிச்சை இருக்கு... தீயணைப்பான் எங்கே?

சனிக்கிழமை என்றாலே திருநள்ளாறு நிரம்பிவிடும். நளன் குளத்தில் முழுக்கு, தர்ப்பாரண்யேஸ்வரர் கோயிலில் சனி பகவானுக்கு எள் தீபம், அப்புறம் ஊர் திரும்பும் அவசரம். வந்து நிற்கும் கார்களைக் கொஞ்சம் கவனியுங்கள். கண்ணாடியில் சந்தனம், பம்பரில் திருஷ்டிக் கயிறு, புது வண்டி என்றால் நான்கு டயருக்கும் எலுமிச்சை. உள்ளே ஒரு கிலோ தீயணைப்பான் இருக்கிறதா என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் டாக்ஸிக்குத்தானே சார்?" என்று பதில் வரும்.

பதில் சட்டப்படி சரிதான். வாடகை வண்டிக்கும் பஸ்ஸுக்கும் எஃப்சி எடுக்கும்போது தீயணைப்பானைப் பார்ப்பார்கள். தொலைதூர பஸ்களிலும் பள்ளிப் பேருந்துகளிலும் பயணிகள் பகுதியில் தீயைக் கண்டறிந்து எச்சரிக்கும் அமைப்பு வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜனவரியில் அறிவித்தது. சொந்தக் காருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. பெல்ஜியம், போலந்து, கிரீஸ் போன்ற நாடுகளில் சொந்தக் காரிலும் தீயணைப்பான் இருந்தே ஆக வேண்டும். இங்கே அது உரிமையாளரின் விருப்பம்.

அந்த விருப்பம் அதிகம் இருக்க வேண்டிய இடம் ஸ்போர்ட்ஸ் கார். ஃபெராரி, லம்போர்கினி வகைகளில் பெரும்பாலும் இன்ஜின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். எரிபொருள் குழாய், சூடான புகைபோக்கி, ஆயில் எல்லாம் நெருக்கமாக அடைந்து கிடக்கும். அங்கே தீ பிடித்தால் ஓட்டுபவருக்குக் கடைசியில்தான் தெரியும். பக்கத்தில் போகும் பைக்காரர் கைகாட்டிச் சொல்ல வேண்டும். 2010-ல் ஃபெராரி நிறுவனமே 458 இத்தாலியா கார்களைத் திரும்ப அழைத்தது. சக்கர வளைவில் பூசிய பசை சூட்டில் பற்றிக்கொண்டதுதான் காரணம். 2024 டிசம்பரில் மும்பை கடற்கரைச் சாலையில் ஒரு லம்போர்கினி எரிந்த வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது.

புதுச்சேரிக்கும் சொகுசு காருக்கும் பழைய பழக்கம் உண்டு. வரி குறைவு என்று பக்கத்து மாநிலப் பிரபலங்கள் தங்கள் கார்களைப் புதுச்சேரி முகவரியில் பதிவு செய்த விவகாரம் 2017-ல் கேரளத்தில் வழக்கு வரை போனது. வரியில் லட்சங்களை மிச்சம் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, ஆயிரம் ரூபாய் சிலிண்டர் நினைவுக்கு வருவதில்லை!

பந்தயக் களத்தில் இந்த விருப்பப் பேச்சே கிடையாது. துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி ஓட்டியது போன்ற கார்களின் வெளிப்புறத்தில், வெள்ளை வட்டத்துக்குள் சிவப்பில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். உள்ளே பொருத்திய தீயணைப்பானை வெளியில் இருந்தே இயக்கும் இடத்தை அது காட்டுகிறது. ஓட்டுநர் மயங்கிக் கிடந்தாலும் ஓடிவருபவர் இழுத்துவிடலாம்.

அதே பந்தய வீரர் சாலைக்கு வந்தால்? சென்னையைச் சேர்ந்த தேசிய சாம்பியன் அஷ்வின் சுந்தர் 2017 மார்ச் 18 அதிகாலையில் மனைவியுடன் சென்ற பிஎம்டபிள்யூ கார், சாந்தோம் அருகே மரத்தில் மோதித் தீப்பற்றியது. கதவைத் திறக்க முடியாமல் இருவரும் உள்ளேயே இறந்தார்கள். ஒரு கிலோ பவுடர் அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அவ்வளவு பெரிய தீக்கு அது போதவும் போதாது.

இங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். 'சின்ன சிலிண்டர் எதற்கும் ஆகாது, எதற்கு வாங்குவது?' என்று.

1973 ஜூலை 29, நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட் ஃபார்முலா ஒன் பந்தயம். ரோஜர் வில்லியம்சனின் கார் கவிழ்ந்து எரிகிறது. பின்னால் வந்த டேவிட் பர்லி தன் காரை நிறுத்திவிட்டு ஓடி, பாதுகாவலரிடம் இருந்து ஒரு தீயணைப்பானை வாங்கித் தனி ஆளாக அடிக்கிறார். அது தீர்ந்துபோகிறது. தீக்குள் போகும் உடை அங்கிருந்த பாதுகாவலர்களிடம் இல்லை. எரியும் காரின் ஓட்டுநர் தப்பித்துவிட்டார், அவர்தான் பர்லி என்று நினைத்து மற்ற வீரர்கள் கடந்து போகிறார்கள். வில்லியம்சன் இறந்துபோனார். பர்லிக்குப் பின்னர் ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். அன்று குறைந்தது வீரம் அல்ல. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்.

அதாவது உங்கள் காரில் இருக்கும் சிலிண்டர் உங்கள் காருக்கு மட்டுமானது அல்ல. ஒரு கிலோ ஏபிசி பவுடர் எட்டு, பத்து வினாடிகளில் காலி. வயர் கருகும் முதல் நிமிடத்தில் அதுவே போதும். தீ வளர்ந்துவிட்டால் நான்கைந்து பேர் தங்கள் வண்டியில் இருந்து எடுத்து ஓடிவந்தால்தான் உண்டு.

திருநள்ளாற்றில் இது வெறும் கற்பனை இல்லை. கூட்ட நாளில் கார்கள் கதவு திறக்க இடமில்லாமல் ஒட்டி நிற்கும். காய்ந்த புல் மேல் நிறுத்தினால், வண்டிக்கு அடியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் சூடே பற்றவைத்துவிடும். வருகிற வழியும் டெல்டா வழி. அறுவடைக் காலத்தில் சாலையில் உளுந்துச் செடியும் வைக்கோலும் காய்வதைப் பார்க்காதவர் உண்டா? அச்சில் சுற்றிக்கொண்ட செடி உராய்ந்து தீப்பிடிப்பது கிராமத்து ஓட்டுநர்களுக்குத் தெரிந்த கதை. தரையோடு தரையாகப் போகும் ஸ்போர்ட்ஸ் காருக்கு அதில் ஆபத்து இன்னும் அதிகம்.

சரி, வாங்கியாச்சு. எங்கே வைப்பது? டிக்கியில் பைக்கு அடியில் போட்டால் வாங்காததற்குச் சமம். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னாலோ பக்கத்திலோ, பிராக்கெட்டில் இறுக்கமாக. டேஷ்போர்டு மேல் வேண்டாம், டெல்டா வெயில் தாங்காது. முள் பச்சையில் இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். தீ என்றால் முதலில் இன்ஜினை நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிடுங்கள், 101-க்கோ 112-க்கோ சொல்லுங்கள். பானெட்டை முழுசாகத் திறக்காதீர்கள். காற்று புகுந்தால் தீ எகிறும். கொஞ்சம் தூக்கி, அந்த இடுக்கு வழியாகத் தீயின் அடிப்பகுதியில் அடியுங்கள். எலெக்ட்ரிக் காரின் பேட்டரி பற்றினால் பவுடர் அதை அடக்காது, தள்ளிப் போய்விடுங்கள்.

சனிப்பெயர்ச்சிக்கு ஊருக்கு வெளியே தற்காலிக வாகன நிறுத்தம் போடுகிறார்கள். அங்கே ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கம்பம் நட்டு, இரண்டு சிலிண்டர் மாட்டுவது காரைக்கால் நிர்வாகத்துக்குப் பெரிய செலவில்லை. நுழைவில் சீட்டுக் கிழிக்கும் ஆளே, "வண்டியில தீயணைப்பான் இருக்கா?" என்று கேட்டு, இருக்கும் வண்டிகளை வரிசைக்கு ஒன்றாகப் பிரித்து நிறுத்தலாம்.