ஆறு மாடு ஏற வேண்டிய லாரி

பொள்ளாச்சிச் சந்தையில் செவ்வாயும் வியாழனும் விலை படியும் மாடுகளில் பெரும்பகுதி கேரளாவுக்கு லாரி ஏறுகிறது. நம் ஊர்ச் சந்தைகள் பலவற்றில் மாடு ஏறுவதற்கென்று சாய்தளம் கிடையாது. ஏதாவதொரு மண்மேட்டை ஒட்டி லாரியைப் பின்பக்கமாக நிறுத்துகிறார்கள். மேட்டுக்கும் வண்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்து மாடு மிரண்டு நிற்கும். முன்னால் ஒருவர் மூக்கணாங்கயிற்றை இழுப்பார். பின்னால் ஒருவர் வாலை முறுக்குவார். முட்டி தேய்ந்து, ரத்தம் கசிய உள்ளே போகும் மாடுகள் எத்தனையோ.

உள்ளே போன பிறகு நிலைமை இன்னும் மோசம். நெருக்கியடித்து ஏற்றிய லாரியில் ஒரு மாடு சறுக்கி விழுந்தால் எழுந்திருக்க இடமில்லை. மற்ற மாடுகள் மிதித்தே அதைக் கொன்றுவிடும். மாடு படுத்துவிடக் கூடாது என்பதற்காகத் தலைக்கயிற்றை இழுத்து மேலே கட்டுகிறார்கள். கண்ணில் மிளகாய் தேய்க்கிறார்கள் என்ற புகாரும் பல காலமாக வருகிறது.

சட்டம் இல்லாமலில்லை. ஒரு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் கூடாது, தளத்தில் தேங்காய்நார் விரிப்போ பலகையோ வேண்டும், கூடவே ஓர் ஆள் போக வேண்டும், கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும், நிறைசினை மாட்டை இளம் மாடுகளோடு சேர்த்து ஏற்றக் கூடாது என்று 1978-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. மீறினால்? 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை! தண்டனையைக் கடுமையாக்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றமே நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. ஆறு மாட்டுக்கும் பதினைந்து மாட்டுக்கும் லாரி வாடகை ஒன்றுதான் என்னும்போது, ஐம்பது ரூபாய்க்கு யார் பயப்படுவார்கள்?

மாடு போவது பாலுக்கா, உழவுக்கா, இறைச்சிக்கா என்ற சண்டையை இதில் கலக்க வேண்டாம். எங்கே போனாலும் வழியில் அதற்கு நிற்க இடமும் குடிக்கத் தண்ணீரும் வேண்டும். நடுவழியில் லாரியை மறித்து ஓட்டுநரை அடிப்பவர்களால் மாட்டுக்கு எந்த நன்மையும் இல்லை. பஞ்சாயத்து முடியும்வரை கொளுத்தும் வெயிலில் அந்த லாரிக்குள்ளேயே வதங்குவது மாடுகள்தான்.

சோதனை செய்ய வேண்டிய இடம் சந்தை வாசல். மாடு ஏறுமுன் எண்ணிப் பார்ப்பது எளிது. ஏறிய பின் இறக்குவது பாடு. சந்தை ஏலத்தில் பணம் பார்க்கும் உள்ளாட்சி அமைப்புகள் அதில் ஒரு பங்கைச் செலவிட்டு ஒரு சாய்தளமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் கட்டட்டும். சந்தை நாளில் ஒரு கால்நடை மருத்துவரை அங்கே இருத்த வேண்டியது அரசின் பொறுப்பு. ஐம்பது ரூபாய் அபராதத்தை மாற்ற வேண்டியது நாடாளுமன்றம்.

மாடு விற்கும் விவசாயிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கயிற்றை மாற்றிக் கொடுக்குமுன், அது ஏறப்போகும் வண்டியில் மொத்தம் எத்தனை மாடு என்று தரகரிடம் கேளுங்கள். ஆறுக்கு மேல் என்றால் கயிற்றைக் கொடுக்காதீர்கள்.