கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கு தீம் பார்க் கணக்கு ஏன் தேவை?

ஆடிப்பெருக்கு நேரம். கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா. காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு வண்டி மக்கர் செய்தால் போதும், பின்னால் வருபவை எல்லாம் நிற்க வேண்டியதுதான். 'கூட்டம் ஜாஸ்தி, என்ன பண்றது?' என்று விட்டுவிடுகிறோம். ஆனால், இதற்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது. தீம் பார்க்குகள் தினமும் போடும் கணக்கு அது.

தீம் பார்க்குக்கே மாணவர்களை அழைத்துப்போய் இந்தக் கணிதத்தைச் சொல்லித்தரும் கோர்ஸ்கள் வெளிநாட்டுக் கல்லூரிகளில் உண்டு. நம்ம ஊரில் நடத்த, கொல்லிமலையே போதும்.

முதல் பாடம்: ஒரே ஒரு பெருக்கல்

அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதி ரொம்ப சிம்பிள். ஓர் இடத்தில் சராசரியாக இருப்பவர்கள் = மணிக்கு வருபவர்கள் × ஒருவர் தங்கும் நேரம்.

ஆகாய கங்கை அருவியில் ஒரே நேரத்தில் 300 பேர்தான் பாதுகாப்பாக நிற்கலாம், ஒருவர் அரை மணி நேரம் குளிக்கிறார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் மணிக்கு 600 பேரை அனுப்பலாம். 900 பேர் வந்தால்? கீழே 450 பேர் நெருக்கியடிப்பார்கள். இல்லையென்றால், ஒவ்வொருவரையும் 20 நிமிடத்தில் வெளியேற்ற வேண்டும். அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். எனவே, கட்டுப்பாடு படிகளின் உச்சியிலேயே தொடங்க வேண்டும். கீழே நின்று விசில் ஊதிப் பயனில்லை.

இரண்டாம் பாடம்: அந்தக் கடைசி 3 வண்டிகள்

ஒரு சோதனைச் சாவடி, வண்டிக்குச் சராசரியாக 1 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. அதாவது மணிக்கு 60 வண்டிகள். வருகை சீராக இல்லாமல் ஏற்ற இறக்கமாக இருந்தால், க்யூ கோட்பாட்டின்படி சராசரிக் காத்திருப்பு இப்படி:

மணிக்கு 48 வண்டிகள்: 4 நிமிடம்
54 வண்டிகள்: 9 நிமிடம்
57 வண்டிகள்: 19 நிமிடம்

54-க்கும் 57-க்கும் இடையே வித்தியாசம் வெறும் 3 வண்டிகள். காத்திருப்போ இரண்டு மடங்குக்கும் மேல்! இதனால்தான் 'போன வாரம் ஃப்ரீயா இருந்துச்சே' என்று நாம் குழம்புகிறோம்.

டிஸ்னி 1999-ல் ஃபாஸ்ட்பாஸ் கொண்டுவந்தது இதைச் சமாளிக்கத்தான். 'இந்த நேரத்துக்குத் திரும்பி வாங்க' என்று சீட்டு கொடுத்தார்கள். அதனால் ரைடில் ஓர் இருக்கைகூட அதிகமாகவில்லை, வரும் நேரம்தான் மாறியது.

இ-பாஸ் இதைச் செய்கிறதா?

பாதிதான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனுக்கு ஊட்டியில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வந்தது. கொடைக்கானலுக்கு இது 4,000, 6,000.

8,000 வண்டிகளை 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 333. ஆனால், அதில் பாதிப் பேர் காலை 8 முதல் 12 மணிக்குள் வந்தால் மணிக்கு 1,000. நாள் கணக்கு சரியாக இருந்தாலும் சாலை திணறும். ஆக, நாளைக்கு கொல்லிமலைக்கும் இப்படி ஒரு ஏற்பாடு வந்தால், 'எத்தனை வண்டி' என்பதோடு 'எத்தனை மணிக்கு' என்பதும் அதில் இருக்க வேண்டும்.

கொல்லிமலை தீம் பார்க் அல்லவே?

முக்கியமான கேள்வி. பார்க்கை மாலையில் பூட்டிவிடலாம். மலையில் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களின் மிளகும் பலாவும் சந்தைக்கு இறங்கும் வழியில்தான் நம் காரும் ஏறுகிறது. ஆம்புலன்ஸுக்கும் அதே வளைவுகள்தான். அவர்களுக்கு இந்தக் க்யூ, லீவு நாள் எரிச்சலோடு முடிவதில்லை.

ஊட்டி, கொடைக்கானல் உச்சவரம்பில் உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு இருந்தது. கொல்லிமலைக்கு எந்தத் திட்டம் போட்டாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்: முதலில் உள்ளூர்க்காரர்கள், பேருந்து, ஆம்புலன்ஸுக்கான இடத்தை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மணிக்கணக்கில் பிரித்து சுற்றுலாப் பயணிகளுக்குத் தரலாம்.

அதுவரை நாமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வார நாளில் போங்க. முடியலையா, விடியற்காலையிலேயே அடிவாரத்துக்கு வந்துடுங்க. அந்த 3 வண்டிகளில் ஒன்று குறைந்தாலே, பின்னால் வருபவர் எல்லாருக்கும் காத்திருப்பு குறையும்.