மூச்சை எண்ணும் அந்த ஒரு நிமிஷம்

காலையில் குளச்சல் பஸ் ஸ்டாண்டில் நின்றால் நர்ஸிங் மாணவிகளைப் பார்க்காமல் இருக்க முடியாது. பஸ் வருவதற்குள் ஒருத்தியை ஒருத்தி கேள்வி கேட்டுக்கொள்வார்கள். ''பெரியவங்களுக்கு நார்மல் சுவாசம் எவ்வளவு?'' ''நிமிஷத்துக்கு 12-ல இருந்து 20.'' பதில் சரிதான். ஆனால், அந்த எண்ணின் மதிப்பு எனக்குப் புரிந்தது என் பாட்டி படுத்திருந்த வார்டில்தான்.

காய்ச்சல் என்று பாட்டியை ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். சார்ட்டில் இரண்டு நாளாக சுவாசம் 20, 20, 20 என்றே இருந்தது. பக்கத்துக் கட்டில் அக்காவுக்கும் அதே 20. மூன்றாம் நாள், பயிற்சிக்கு வந்த மாணவி ஒருத்தி பாட்டியின் மணிக்கட்டைப் பிடித்தபடி ''எப்படி இருக்கு பாட்டி?'' என்றாள். ''ஒண்ணும் இல்ல மக்களே, கொஞ்சம் இளைப்புதான்.''

அவள் கையை விடவில்லை. வாட்ச்சைப் பார்த்தபடி பேசாமல் நின்றாள். பிறகு சீனியரிடம் போய், ''28 இருக்கு சிஸ்டர்'' என்றாள். டாக்டர் வந்தார். ஆக்ஸிஜன் வைத்து, எக்ஸ்ரே எடுத்தார்கள். நிமோனியா.

நாடி பார்க்க இவ்வளவு நேரமா என்று பிறகு அவளிடம் கேட்டேன். ''நாடி முதல்லயே பாத்தாச்சுக்கா. கையை விட்டா, மூச்சை எண்ணுறேன்னு பாட்டிக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா மூச்சே மாறிடும்'' என்று சிரித்தாள்.

காய்ச்சலுக்கு தெர்மாமீட்டர் இருக்கிறது, பிரஷருக்கு மெஷின் இருக்கிறது. சுவாசத்தை மட்டும் பெரும்பாலான வார்டுகளில் இன்னும் கண்ணால்தான் எண்ண வேண்டும். அதனால்தான் அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் அதுவே. ஆனால், உடல் மோசமாகப் போகிறது என்பதைப் பல நேரம் ரத்த அழுத்தத்துக்கு முன்பே சொல்லிவிடுவது சுவாசம்தான். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்த 'நியூஸ்' மதிப்பெண் முறையில், சுவாசம் 25-ஐத் தொட்டாலே 3 மதிப்பெண். ஓர் அளவீட்டுக்கு அதுதான் உச்சம். உடனே மேலே தெரிவிக்க வேண்டும் என்று அர்த்தம்.

இப்போது தேர்வும் இதைத்தான் கேட்கிறது. 1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் அறிமுகப்படுத்திய 'ஆஸ்கி' தேர்வில், மாணவி ஒவ்வொரு நிலையமாகப் போய், குறித்த நேரத்துக்குள் வேலையைச் செய்துகாட்ட வேண்டும். இந்திய நர்ஸிங் கவுன்சில் 2021-ல் வெளியிட்ட பி.எஸ்ஸி நர்ஸிங் பாடத்திட்டத்திலும் இது இடம்பிடித்தது. பிரிட்டனில் வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பெண்களுக்கு, கம்ப்யூட்டர் தேர்வுக்குப் பிறகு 10 நிலையங்கள் கொண்ட ஆஸ்கி காத்திருக்கிறது. நோயாளியை மதிப்பிடுவது, திட்டமிடுவது, செய்வது, பலன் கிடைத்ததா என்று பார்ப்பது... இந்த நான்கும் அதில் தனித்தனி நிலையங்கள். முதல் படி தவறினால் மற்ற மூன்றும் தவறும்.

குளச்சலுக்குப் பக்கத்து நெய்யூரில் மிஷன் மருத்துவப் பணி 1838-லேயே தொடங்கிவிட்டது. 1924-ல் எவரெஸ்ட்டில் மூச்சடைத்து உயிர் பிழைத்த டாக்டர் சோமர்வெல், பல ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்த இடம் அது. ஸ்கேன் இல்லாத அந்தக் காலத்தில் கண்ணும் காதும் கையும்தான் கருவிகள். மெஷின் வந்தபிறகும் அவற்றுக்கு ஓய்வு கிடையாது.

மாணவிகளுக்கு ஒரு வார்த்தை: 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள், முழு நிமிஷம் எண்ணுங்கள். எண்ணாமல் 20 என்று எழுதவே எழுதாதீர்கள். 'இளைப்பு', 'மூச்சு முட்டுது' என்று நோயாளி சொன்ன வார்த்தையையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

நமக்கும் ஒன்று உண்டு. வார்டில் ஒரு மாணவி உங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றால், 'எந்த ஊரும்மா?' என்று கேட்கும் முன் ஒரு நிமிஷம் பொறுங்கள். அவள் எண்ணிக்கொண்டிருக்கலாம்.