முதல் மென்பொருளும் மண்டிச் சிட்டையும்

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் முருங்கைக்காய்க் கட்டுகளும் கத்தரிக்காய் மூட்டைகளும் வந்து இறங்குகிற வேளையில் ஒரு கமிஷன் கடைக் கணக்குப்பிள்ளையின் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு, அம்மனிதர் ஒரே சமயத்தில் எத்தனை காரியங்களைச் சமாளிக்கிறார் என்பது தெரியும். எடை போடுகிறவர் உரக்கச் சொல்லும் எண்ணை ஒரு காதில் வாங்கி, கேரள வியாபாரியின் போனை மறு காதில் இடுக்கிக்கொண்டு, மூட்டையின்மேல் மையால் இட்ட அடையாள எழுத்தைப் பார்த்துச் சரக்கு யாருக்குப் போகிறது என்பதை மனத்தில் நிறுத்தி, விலை தீராத இடத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு, சிட்டையில் பேனாவை ஓட்டிக்கொண்டே இருப்பார்.

இந்தச் சிட்டையைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார், எனக்குப் பரிச்சயமான திண்டுக்கல் இளைஞர் ஒருவர். வணிகக் குடும்பத்துப் பிள்ளை, கோடிங் அறியாதவர். ஆகையால் பெருநகரத்து நிறுவனம் ஒன்றிடம் வேலையை மொத்த ஒப்பந்தமாக ஒப்படைத்தார். பல மாதங்கள் கழித்து வந்து சேர்ந்த செயலி பார்வைக்கு லட்சணமாகவே இருந்தது. ஆனால் எடை, விலை இரண்டையும் நிரப்பினாலன்றி அடுத்த திரைக்குப் போக மறுத்தது. சரக்கு காலையில் இறங்கினாலும் விலை சில நாள் பொழுது சாய்ந்த பிறகே தீரும் என்ற விஷயத்தை அதை எழுதியவருக்கு எடுத்துச் சொன்னவர் எவருமில்லை. அவர் மண்டியைக் கண்ணால் கண்டதுமில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனிக் கட்டணம் என்றார்கள். கையிருப்பு கரைந்த நிலையில், நல்ல டெவலப்பர் எங்கே கிடைப்பார் என்று கேட்டுக்கொண்டு அந்த இளைஞர் என்னிடம் வந்தார்.

இவ்விஷயத்தில் என் அபிப்பிராயம் திடமானது. ஒரு புதுத்தொழிலின் முதல் மென்பொருளை எழுதுகிறவர், கொடுத்த பட்டியலை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிற ஒப்பந்தக்காரராக இருத்தல் ஆகாது. அந்தத் தொழில் நடக்கும் இடத்தில் உட்கார்ந்து, அதன் கஷ்டம் இன்னதென்று தம் அனுபவத்தில் உணர்ந்து, இன்று எழுதியதை நாளையே மாற்றி எழுதச் சித்தமாயிருக்கும் கூட்டாளியாக அவர் இருக்க வேண்டும். முதல் வடிவம் பிழையோடுதான் பிறக்கும் என்பது நிச்சயமாயிருக்கையில், திருத்துகிறவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் அந்த முதல் வடிவத்தால் பிரயோஜனம் என்ன?

திருச்சிக்காரரான கிரீஷ் மாத்ருபூதம் 2010-ல் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தை விட்டு வெளியேறி ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கியபோது, வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் மென்பொருள் அவருக்கு முன்பே கைவந்த துறையாக இருந்தது. உடன் சேர்ந்த ஷான் கிருஷ்ணசாமி, அதே ஜோஹோவில் கூட வேலை பார்த்துப் பழகியவர். விளம்பரம் கொடுத்துத் தேடிப் பிடித்த டெவலப்பர் அல்லர். சென்னையில் ஒரு சிறு குழுவாக அமர்ந்து எழுதிய மென்பொருளை 2011-ல் வெளியிட்டபோது, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலுள்ள அட்வெல் கல்லூரி அவர்களது முதல் வாடிக்கையாளராயிற்று. பின்னர் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்த ஸ்தாபனம் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற கதையை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கோ, இரண்டு பழைய சகாக்கள் ஒருவர் திறமையை ஒருவர் அறிந்து ஆரம்பித்தார்கள் என்பதே அதில் விசேஷமாகப் படுகிறது.

அப்படிப்பட்ட சகா வாய்க்காதவர் என்ன செய்வது? ஆளை உருவாக்கிக்கொள்ளலாம். ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ 2005 வாக்கில் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, பள்ளிப் படிப்பையும் டிப்ளமோவையும் முடித்த பிள்ளைகளைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல் மாதந்தோறும் உதவித்தொகையும் கொடுத்துக் கற்பித்து, அவர்களைப் பட்டதாரிகளுக்கு நிகரான வேலையில் அமர்த்திற்று. தென்காசிக்கு அருகேயுள்ள மத்தளம்பாறையிலும் அந்நிறுவனம் அலுவலகம் வைத்து நடத்துகிறது. செய்துகொண்டே கற்பது நம் திண்டுக்கல் ஜில்லாவுக்குப் புதிய சங்கதியுமன்று. 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவியது ஆதாரக் கல்வியின் அடிப்படையில்தான். 1956-ல் தோன்றிய அங்குள்ள கிராமிய நிறுவனம் இன்று பல்கலைக்கழக அந்தஸ்துடன் கணிப்பொறி இயலும் போதிக்கிறது. ஊரைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளும் இருக்கின்றன. அங்கே படித்து முடித்தவர்களில் பெரும்பாலோர் பெங்களூருக்கும் சென்னைக்கும் வண்டி ஏறுகிறார்கள் என்றால், அது ஊர்மேல் வெறுப்பினால் அல்ல. இங்கே அவர்களைக் கூப்பிட்டுக் கேட்பார் இல்லை என்பதனாலேயே.

கூப்பிடுகிறவர் வெறுங்கையோடு கூப்பிடலாகாது. பெருநகரச் சம்பளத்தை நம்மவரால் தர இயலாதெனில், தொழிலில் பங்கு தர வேண்டும். அதையும் வாய்வார்த்தையாகச் சொல்லாமல், நான்கு வருஷங்களில் சிறிது சிறிதாக உரிமையாகும்படியும், முதல் வருஷம் முடியுமுன் விலகினால் பங்கில்லை என்றும் பத்திரத்தில் எழுதிவிடுவது உலகெங்கும் வழக்கத்திலுள்ள ஏற்பாடு. இருவருக்கும் அது பாதுகாப்பு. நட்பை நம்பி இதை எழுதாமல் விட்டவர்கள் பிற்பாடு நட்பையும் இழந்திருக்கிறார்கள்.

நம் இளைஞருக்கு இப்போது காந்திகிராமத்தில் படித்த ஒரு பெண் கூட்டாளியாகக் கிடைத்திருக்கிறார். இருவரும் அதிகாலையில் மண்டிக்குப் போய்விடுகிறார்கள். பழைய செயலியின் இருபது திரைகளும் போய், ஒரே திரை நிற்கிறது: அடையாள எழுத்து, எடை, பிறகு நிரப்பிக்கொள்ளக் காலியாக விலை. கணக்குப்பிள்ளை பேனாவை இன்னும் கீழே வைக்கவில்லை; சிட்டையிலும் எழுதுகிறார், போனிலும் தட்டுகிறார், சாயங்காலம் இரண்டையும் ஒத்துப் பார்க்கிறார். கமிஷன், இறக்குக்கூலி கழித்து விவசாயிக்குத் துண்டுச் சீட்டு அடிப்பதே அடுத்த வேலை என்றும், வியாபாரிகளின் கடன் பேரேட்டைத் தொடுவது பொங்கலுக்குப் பிறகுதான் என்றும் தீர்மானித்திருக்கிறார்கள்.