ஒற்றை எண்ணை நம்பலாமா?

பி.காம் படிக்கிற எனக்கு பிரசவ வார்டு விஷயத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இதுவும் ஒரு கணக்கு சமாச்சாரம்தான்.

37 வாரம் ஆவதற்கு முன்பே, வலி வராமல் பனிக்குடம் உடைந்துவிட்டால் டாக்டர்களுக்கு தர்மசங்கடம். உடனே பிரசவம் பார்த்தால் குறைமாசக் குழந்தை. காத்திருந்தால் கருப்பைக்குள் கிருமி ஏறலாம். அதனால் ஆன்டிபயாடிக் கொடுத்து, ரத்தத்தில் வெள்ளை அணுக்களையும் சிஆர்பி என்ற புரதத்தையும் அளந்து பார்க்கிறார்கள்.

சிக்கலே இங்குதான். உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் சிஆர்பி ஏறும். எந்த இடம் என்று சொல்லாது. வெள்ளை அணுக்கள் கர்ப்பத்தில் சாதாரணமாகவே கூடும். குழந்தையின் நுரையீரலுக்காக அம்மாவுக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியாலும் கூடும். மறுபக்கம், தொற்று ஆரம்பிக்கும்போது இரண்டுமே ஒழுங்காக இருப்பதுபோலத் தெரியலாம். இவற்றில் எதையும் தனியாக வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஒருநாள் கல்லாப் பணத்தை வைத்து கடை லாபமா நஷ்டமா என்று சொல்ல முடியுமா?

அப்படியானால் டெஸ்ட் வீணா? இல்லை. சவிதா ஹலப்பனவரை நினைத்துப் பாருங்கள். கர்நாடகாவைச் சேர்ந்த பல் மருத்துவர், வயது 31, 17 வாரக் கர்ப்பம். 2012 அக்டோபர் 21 அன்று அயர்லாந்தின் கால்வே மருத்துவமனையில் சேர்ந்தார். அன்று எடுத்த ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் 16,900. மறுநாள் பனிக்குடம் உடைந்தது. சிசுவின் இதயம் துடிக்கிறது என்று கருக்கலைப்பு மறுக்கப்பட்டது. 28-ஆம் தேதி ரத்தத்தில் பரவிய தொற்றால் இறந்தார்.

16,900 என்ற எண் மட்டும் தொற்றை நிரூபித்திருக்காது. ஆனால் மறுபடி ரத்தம் எடுக்க, நாடியையும் காய்ச்சலையும் அடிக்கடி பார்க்க அது போதுமான காரணம். அதை உரிய நேரத்தில் யாரும் பின்தொடரவில்லை. பேராசிரியர் சபாரத்தினம் அருள்குமரன் தலைமையிலான விசாரணைக் குழு 2013-இல் தந்த அறிக்கை, போதிய கண்காணிப்பு இல்லாததை முதல் காரணமாகச் சொன்னது. கருக்கலைப்புச் சட்டத்தின் குழப்பமும் அதில் வந்தது. 2018-இல் வாக்கெடுப்பு நடத்தி அரசியல் சாசனத்தையே மாற்றினார்கள்.

நம் திருத்தணியில் பெண்கள் ஸ்கேனுக்கு ஓரிடம், பிரசவத்துக்கு திருவள்ளூர், சென்னை, திருப்பதி என்று அலைவது சகஜம். ரிப்போர்ட் ஒரு ஊரில், அம்மா இன்னொரு ஊரில். என் கோரிக்கை சின்னது. ஒவ்வொரு ரிசல்ட்டையும் தேதி, நேரம், காய்ச்சல், நாடித்துடிப்போடு ஒரே தாளில் எழுதுங்கள். பார்த்தவர் கையெழுத்துப் போடட்டும். அந்தத் தாள் அம்மாவோடு போகட்டும். லெட்ஜர் எழுதுகிற எங்களுக்கு இது முதல் வருடப் பாடம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. தண்ணீர் உடைந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில், "டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று மட்டும் கேட்காமல், "ரிசல்ட்டை யார் பார்த்தாங்க, அடுத்து எப்ப எடுப்பீங்க?" என்றும் கேளுங்கள்.

அதிகப்பிரசங்கி என்றாலும் பரவாயில்லை. கேட்டுவிடுங்கள்.